கண்ணன் என்றால் வலப்பக்கம்

1

போன சனிக்கிழமை சாயங்காலம் விருதுநகரிலிருந்து செல்வி பேசினாள். செல்வி என் கணவரின் தங்கை. பேச்சு வழக்கம்போல மழை, தங்கம் விலை, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று சுற்றிவிட்டுக் கண்ணனிடம் வந்து நின்றது.

"மருமகன் எங்க மதினி, சத்தத்தையே காணோம்?"

"படுத்துட்டான். நாளைக்குக் காலையில மேட்ச்."

"யாருக்கு மேட்ச்?"

"அவனுக்குத்தான்."

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. அது ஓய்ந்ததும், "அண்ணன் சாப்பிட்டாச்சா மதினி?" என்று கேட்டாள்.

செல்வி கெட்டவள் இல்லை. என் மகனுக்குப் பிறந்ததிலிருந்து கண் தெரியாது. வெளிச்சம் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும் தெரியும். கண் தெரியாத பையன், மேட்ச் என்ற இரண்டும் ஒரே வாக்கியத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து செல்வி கேட்டதில்லை. இங்கே கோலாலம்பூருக்கு வந்து சில வருடங்கள் வரை நானும் கேட்டதில்லை. அவளுக்கு அன்று போனில் சொல்ல முடியாததை, அவளைப் போன்றவர்களுக்கும் சேர்த்து, எழுதிப் பார்க்கிறேன்.

கண்ணனுக்கு வயது பதின்மூன்று. கோலாலம்பூரில் பிறந்தான். நாள் நிறையாமல், உள்ளங்கை அளவுக்குப் பிறந்தான். அவன் வயிற்றில் இருந்தபோதே பெயரை முடிவு செய்திருந்தோம். அவன் பார்வையைப் பற்றி மருத்துவர் சொன்னபோது பெயரெல்லாம் பதிவாகியிருந்தது. ஊரில் இரண்டொருவர் தணிந்த குரலில், "பேர மாத்திரலாமே, பேருக்குள்ளயே கண்ண வச்சுக்கிட்டு..." என்றார்கள். நாங்கள் மாற்றவில்லை. வீம்பு ஒன்றும் இல்லை. அப்போது எங்களுக்கு அதைவிடப் பெரிய வேலைகள் இருந்தன, அவ்வளவுதான். அந்தப் பெயர் ஒருநாள் வேறொரு மொழியில் போய் இடறி விழும் என்று யார் நினைத்தார்கள்?

2

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறோம். கணவர் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலைக்கு ரயிலேறிப் போகிறவர். இங்கே நடைபாதைகளில் மஞ்சள் கட்டைகள் பதித்திருப்பார்கள், மேலே வரிவரியாகப் புடைத்திருக்கும். கைத்தடி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போகும், கால் அதன் பின்னால் போகும். பூக்கடை, சாப்பாட்டுக் கடை, பாட்டுக் கடை எல்லாவற்றையும் கண்ணன் அந்த வரியிலிருந்தே சொல்லிவிடுவான். வரி திடீரென்று ஒரு மோட்டார் சைக்கிளில் முடியும். யாரோ அவசரத்துக்கு நிறுத்திவிட்டுப் போயிருப்பார். முதலில் நான் சண்டை போட்டேன். இப்போது கண்ணனே தடியால் அதன் சக்கரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "பாஸ், காடி யாரோடது?" என்று கத்துகிறான். கடைக்குள்ளிருந்து யாராவது வாயில் ரொட்டியோடு ஓடி வருவார்கள்.

சனிக்கிழமை காலைகளில் அந்த மஞ்சள் வரி ஒரு பழைய மண்டபத்தின் வாசலில் போய் நிற்கும். உள்ளேதான் கோல்பால் பழகுகிறார்கள்.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மூன்று பேர், எதிர்ப் பக்கம் மூன்று பேர். ஆளுக்கு ஒரு கறுப்புக் கண்மூடி. கொஞ்சம் பார்வை உள்ளவனும், முழுக்க இல்லாதவனும் அதற்குள் போனால் ஒன்று. பந்து கூடைப்பந்து அளவு இருக்கும், கனம் அதைப்போல இரண்டு மடங்கு. உள்ளே மணிகள். மைதானத்தின் அகலம் முழுவதும் கோல்தான். எதிராளி தரையோடு உருட்டி எறிகிற பந்து சலங்கை கட்டிய மிருகம் மாதிரி ஓடிவரும். அது எங்கே வருகிறது என்று காதால் பிடித்து, உடம்பை நீளமாகத் தரையில் போட்டு, மார்போ தொடையோ ஏதோ ஒன்றால் மறிக்க வேண்டும். தரையில் கோடுகளுக்கு அடியில் கயிறு ஓடும். விரலால் தடவித் தன் இடத்தைக் கண்டுகொள்வார்கள்.

பார்ப்பவர்கள் பேசக் கூடாது. இதுதான் நமக்கு ஆகாத காரியம். தைப்பூசத்தன்று பத்துமலையில் நின்று பழகிய தொண்டைகளை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, உன் பிள்ளை விழுந்து எழுவதைச் சத்தமில்லாமல் பார் என்றால்? சாந்தி அக்கா ஆட்டம் தொடங்கியதும் உப்பும் புளிப்புமான காய்ந்த பழம் ஒன்றை வாயில் அடைத்துக்கொள்வார். "இது இல்லன்னா நா கத்திருவேன் வாணி, எனக்கே எம்மேல நம்பிக்கை கெடையாது" என்பார். அவர் கிள்ளான்காரர். மகன் பிரவினை வாராவாரம் காரில் கூட்டிவருகிறவர். எனக்கு இந்த மண்டபத்தில் கிடைத்த முதல் தோழி.

அந்தத் தோழமை ஒரு சண்டையில் ஆரம்பித்தது. கண்ணனை முதன்முதலாக அங்கே விட்ட அன்று, பயிற்சியாளர் சிக்கு ஜமால் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார். மலாயில் ஆசிரியரைச் சிக்கு என்பார்கள். பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த மனிதர் வாயில் என் மகன் பெயர் ஒன்றுதான்.

"கனன்! கனன்! கனன் லாகி!"

புதுப் பையன், அதிலும் வெளிநாட்டுப் பையன் என்று இளக்காரமா? எனக்குக் காது சூடேறியது. எழுந்து போய், எனக்குத் தெரிந்த மலாயையும் ஆங்கிலத்தையும் பிசைந்து, "எதற்கு என் பையனையே திட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார். பின்னால் சாந்தி அக்கா நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, ஒங்க மவன யாரும் திட்டல லா! கனன்னா மலாயில வலது பக்கம், லாகின்னா மறுபடி. பந்து வலது பக்கம் வருதுன்னு எல்லாருக்கும் சொல்றாரு!"

சிக்கு ஜமாலுக்கு விஷயம் விளங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கண்ணனை அழைத்துப் பெயரைச் சொல்லச் சொன்னார். இவன் "கண்ணன்" என்றான். அவர் "கனன்" என்றார். மலாய் நாக்குக்கு ஒரு 'ண்'ணை அழுத்தி நிறுத்தத் தெரியாது. ஐந்தாறு முறை இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். கடைசியில் அவர் இவனைத் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் வலது ஓரத்தில் நிறுத்தினார்.

"நீ இங்கேயே ஆடு. நான் உன்னைக் கூப்பிட்டாலும் சரி, பக்கத்தைச் சொன்னாலும் சரி, இரண்டும் நீதான்."

இப்படித்தான் கண்ணன் வலப்பக்கம் ஆனான்.

3

அந்த வலது ஓரத்தில் அவன் வளர்ந்தான். அங்கிருந்து எறியக் கற்றுக்கொண்டான். ஓரக் கோட்டை ஒட்டி, கயிறு பிடித்த மாதிரி நேராக, ஒரு பந்து எறிவான். மணிச்சத்தம் குறைவாக, வேகமாக, பாம்பு போவது போலப் போகும். எதிரில் படுப்பவனின் விரல் நுனிக்கு அப்பால் வலையில் சுருளும். வீட்டில் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தும்போதுகூட அந்த மணிக்கட்டுத் திருப்பம் வரும். முழங்கையில் காய்ப்பு, இடுப்பெலும்பில் நீலம். நான் மருந்து தடவும்போது அதைக் குற்றமாகப் பேசினால் அவனுக்குக் கோபம் வரும்.

அவன் தமிழும் அங்கேதான் வேறு மாதிரி ஆனது. "பசியாறிட்டீங்களா மா?" என்று காலையில் கேட்கிறான். "முடியாது லா" என்கிறான். நான் "வலது" என்றால் அரை நொடி யோசிக்கிறான், "கனன்" என்றால் உடம்பு தானாகத் திரும்புகிறது. இந்த அரை நொடியை நான் எங்கே கொண்டுபோய் அழுவது? அழவும் இல்லை. கவனிக்கிறேன்.

விருதுநகரில் எங்கள் பள்ளியில் பார்வை இல்லாத பையன் ஒருவன் இருந்தான், வேலுச்சாமி. விளையாட்டுப் பீரியடில் எல்லோரும் செருப்பைக் கழற்றி அவன் முன்னால் போட்டுவிட்டு ஓடுவோம். அவன் அவற்றை ஜோடி சேர்த்து வைப்பான். தொட்டுப் பார்த்தே யாருடையது என்று சொல்வான் என்று வாத்தியார் பெருமையாகப் பேசுவார். அவனுக்கு ஓடத் தோன்றியிருக்குமா என்ற கேள்வி அந்த மைதானத்தில் யாருக்கும் எழுந்ததில்லை. எழுந்திருந்தாலும் பந்துக்குள் மணி வைக்கலாம் என்பது எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

4

இனி அலுவலகக் கதை.

கண்ணன் இந்த மண்ணில் பிறந்தவன். ஆனால் நாங்கள் இருவரும் வேலை அனுமதியில் இருப்பவர்கள், அதனால் அவன் கையில் இருப்பதும் இந்தியக் கடவுச்சீட்டு. அவனுக்குச் சலுகை அட்டை கிடைக்குமா என்று ஒருமுறை ஒரு கவுண்டரில் போய் நின்றேன். மலாயில் பேச வேண்டும் என்று வீட்டிலேயே வாக்கியம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். கண் தெரியாது என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினேன். கண், மாத்தா. தெரியாது, தக் தாஹு.

"என் மகனுக்கு மாத்தா தக் தாஹு."

கவுண்டரில் இருந்த இளைஞர் என்னைப் பார்த்தார். கண்ணனைப் பார்த்தார். மிகுந்த மரியாதையோடு, "அவன் கண்ணுக்கு என்ன தெரியாது?" என்று கேட்டார்.

கண்ணன் கவுண்டர் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தான். பிறகு அவனே நிமிர்ந்து சரியான மலாயில் சொன்னான். இளைஞரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, குடியுரிமை இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். அட்டை இல்லாமலும் பஸ்ஸில் போகலாம், வரலாம். நான் அதை மறந்துவிட்டேன்.

மறக்க முடியாதபடி அது திரும்பி வந்தது போட்டியில். கிள்ளானில் அக்கம்பக்கத்துக் குழுக்களுக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். எங்கள் மண்டபத்திலிருந்து பிரவின், ஹஃபிஸ், கண்ணன் என்று சிக்கு ஜமால் பெயர் கொடுத்திருந்தார். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, பயிற்சி முடிந்ததும் அவர் என்னையும் கண்ணனையும் தனியாக உட்கார வைத்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

நடத்துகிறவர்களின் விதிப்படி குடிமக்கள் அல்லாத பிள்ளைகள் ஜெம்புத்தானாக ஆடலாம். ஜெம்புத்தான் என்றால் அழைப்பின் பேரில் வந்த விருந்தாளி. மைதானத்தில் இறங்கலாம், எறியலாம், படுக்கலாம். ஆனால் விருந்தாளி போடுகிற கோல் எண்ணிக்கையில் சேராது.

"நான் பேசிப் பார்த்துவிட்டேன்," என்றார். "எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த வருடம்தான் மாற்ற முடியுமாம்."

காரருகே சாந்தி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது எனக்குள்ளிருந்து பழைய சொல் ஒன்று வந்து விழுந்தது. "உப்புக்குச் சப்பாணி."

"அப்படின்னா?"

"எங்க ஊர்ல, விளையாட்டுல சின்னப் பிள்ளைகளை அழுதுரக் கூடாதேன்னு சேத்துக்குவாங்கக்கா. ஆட்டத்துல இருக்கும், ஆனா அவுட் கிடையாது. அதுக்குத்தான் அந்தப் பேரு."

எங்கள் தெருவில் நான்தான் ரொம்ப நாள் சப்பாணி. எல்லோரிலும் சிறியவள். எவ்வளவு சுகமாக இருந்தது! யாரும் என்னைத் துரத்தவில்லை, தொடவில்லை, எதிலிருந்தும் நீக்கவில்லை. தெரு முழுக்க ஓடினேன். ஒருநாள் நானே போய் ஒரு பெரிய பையனைத் தொட்டு "அவுட்" என்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருந்தான். நடக்க முடியாதவரைக் குறிக்கிற சொல்லை எடுத்து, எண்ணப்படாதவருக்கு வைத்த மொழி என்னுடையது. அதன் கூர்மை எனக்கு அப்போது தெரியவில்லை, சாந்தி அக்காவின் காருக்குப் பக்கத்தில் தெரிந்தது.

"போக வேணாம்," என்று அன்று வீட்டில் சொன்னேன். "என் பிள்ளைய யாரும் ஒப்புக்குச் சேத்துக்க வேணாம்."

கணவர் கண்ணனைப் பார்த்தார். கண்ணன் சோபாவில் மல்லாந்து படுத்துக் கூரையை நோக்கிக் கையை மடக்கி மடக்கி எறிவது போலச் செய்துகொண்டிருந்தான்.

"மா, நா போடற கோலத்தான எண்ண மாட்டாங்க?"

"ஆமா."

"நா விடற கோல் எண்ணுவாங்கல்ல?"

கணவர் மெதுவாக, "எண்ணுவாங்கடா" என்றார்.

"அப்ப நா எறியல. சிக்குகிட்ட சொல்லுங்க, நா நடுவுல நிக்கறேன். சும்மா மறிக்கறேன்."

சும்மா என்று சொன்னான். அந்த நேரான பந்தை, பாம்பை, விட்டுக்கொடுக்கிறேன் என்பதற்கு அவன் பயன்படுத்திய சொல் அது.

5

நடுவில் நிற்பவனுக்குத்தான் அதிக அடி. அகலத்தில் பெரும்பங்கு அவனுடையது. பந்தை மறித்துப் பிடித்து இரு ஓரத்துக்கும் கொடுக்க வேண்டும், அவர்கள் எறிவார்கள். கண்ணன் நடுவுக்கு வந்தான். வலது ஓரம் ஹஃபிஸுக்குப் போனது. பிரவின் இடது.

முதல் பயிற்சியிலேயே குழம்பியது. வலது பக்கம் பந்து வந்து யாராவது "கனன்!" என்றால், இரண்டு வருடப் பழக்கத்தில் கண்ணன் பாய்ந்து ஹஃபிஸ் மேல் விழுந்தான். ஹஃபிஸின் உதடு கிழிந்தது. ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள் என்றார் சிக்கு. சொன்னார்கள். பந்து வேகமாக வந்ததும் ஆங்கிலம் போய் மலாய் வந்தது. அவசரத்தில் வாய்க்கு எது வருமோ அதுதானே வரும்?

"டேய், ஒம்பேரத்தான் மாத்தணும்," என்றான் பிரவின். "நடுவுல நிக்கறவனுக்கு மலாயில என்னா? தெங்ஙா. நீ இனிமே தேங்கா."

"தேங்காவா?"

"தேங்காதான். மண்டையும் அப்படித்தான லா இருக்கு."

மூன்று பேரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். ஹஃபிஸுக்குத் தமிழ்த் தேங்காய் என்னவென்று சொல்லிக் கொடுத்ததும் அவன் இன்னொரு முறை உருண்டான். சிக்கு ஜமாலுக்கும் வசதி: பெயரும் இடமும் மறுபடி ஒன்றாகிவிட்டன. மைதானத்துக்குள் கண்ணன் என்று யாரும் கூப்பிடக் கூடாது, கனன் என்றால் இனி ஹஃபிஸ் பந்து, வெளியே எப்படியோ போங்கள் என்று சட்டம் போட்டார்.

ஊரில் சொல்லியும் மாற்றாத பெயர். "தேங்கான்னு கூப்பிடறது உனக்கு அசிங்கமா இல்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு கோர்ட் பேரு கெடச்சிருக்கு மா. ஒங்களுக்கு இருக்கா?" என்றான்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து போய்க் கிள்ளான் ரயிலைப் பிடித்தோம். கணவருக்கு அன்று ஷிப்ட். அங்கே போட்டி மண்டபத்தில் சாந்தி அக்கா முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். வாயில் ஏற்கெனவே பழம். எனக்கும் ஒன்றை நீட்டினார்.

எதிரில் சுங்கை பூலோ பையன்கள். தோள் அகன்றவர்கள்.

ஆட்டம் தொடங்கியது. நடுவர் "டியாம்" என்றார், அமைதி. மண்டபம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது. மின்விசிறிகளும் மணியும் மட்டும். என் மகன் தரையில் விழுகிற சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும். மற்றவர்கள் விழுவது 'தொம்', இவன் விழுவது எனக்குள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. மார்பில் பட்டுத் தெறித்த பந்தைத் துழாவி எடுத்து, கோட்டைத் தடவித் திசை பார்த்து, பிரவினுக்கு உருட்டுகிறான். பிரவின் எறிகிறான். ஹஃபிஸ் எறிகிறான். கண்ணன் ஒருமுறைகூட எறியவில்லை. பந்து கையில் இருந்த ஒரு தடவை அந்த மணிக்கட்டு லேசாகத் திரும்பியதைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்துகொண்டது, பந்து ஹஃபிஸிடம் போனது.

இடைவேளையில் இரண்டுக்கு இரண்டு. பிறகு மூன்றுக்கு மூன்று. சாந்தி அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்துவிட்டன. முடிய ஒரு நிமிடம்கூட இல்லை.

சுங்கை பூலோ பையன் ஒருவன் சுழன்று எறிந்தான். பந்து நடுவுக்கும் வலது ஓரத்துக்கும் இடையில், சரியாக அந்தச் சந்தில் வந்தது. அது நடுவில் நிற்பவன் பந்து. பேசி வைத்ததும் அப்படித்தான். இடது ஓரத்தில் இருந்த பிரவினுக்கும் அது கேட்டுவிட்டது. நேரம் போகிறது, பதற்றம். கோர்ட் பேரெல்லாம் அவனுக்கு மறந்துவிட்டது. மண்டப வாசலில், காரில், சாப்பாட்டு மேசையில் கூப்பிடுகிற பேர்தான் வாயில் வந்தது.

"கண்ணன்!"

கண்ணன் காதில் அது கனன் என்று விழுந்தது. ஹஃபிஸ் எடுப்பான் என்று தன் உடம்பைப் பாதியில் நிறுத்தினான். ஹஃபிஸ் காதில் அது கண்ணன் என்றே விழுந்தது. அவனும் நின்றான். ஒருவன் தமிழை மலாயாகக் கேட்டான், இன்னொருவன் தமிழைத் தமிழாகக் கேட்டான். இரண்டு பேருக்கும் நடுவில், மணி குலுங்க, யாரும் தொடாமல், பந்து போனது.

விசில். பலகையில் சுங்கை பூலோவுக்கு நாலு என்று மாறியது.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த நொடிகளில் ஒன்றும் நடக்கவில்லை. தோற்றோம்.

கண்மூடியைக் கழற்றுவதற்கு முன்பே பிரவின் கத்தினான். "டேய்! அது ஒம் பந்துடா! பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்ல?"

"எம்பேரு தேங்கா!" என்று இவன் கத்தினான். "கோர்ட்ல எம்பேரு தேங்கா லா!"

"மண்டைல ஒண்ணுமில்லாத தேங்கா!"

நான் எழுந்தேன். சாந்தி அக்கா என் துப்பட்டாவைப் பிடித்து உட்கார வைத்தார். பழத்தின் கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "எம்மவன் பல்ல ஒடைக்கணும்னா வீட்டுக்குப் போயி ஒடைப்போம். இப்ப அவனுங்க பேசட்டும்."

சிக்கு ஜமால் மூவரையும் உட்கார வைத்துக் குனிந்து பேசினார். எனக்கு அந்த மலாய் முழுவதும் புரிந்தது. பிரவினிடம், கத்தியது தப்பு என்றார். ஹஃபிஸிடம், சந்தேகம் வந்தால் படுத்துவிட வேண்டும் என்றார். கண்ணனிடம் திரும்பி, "நாலாவது கோல் உன் தப்பு" என்றார். தோளைத் தட்டவில்லை, சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை அவன் கையில் வைத்துவிட்டுப் போனார்.

7

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. கண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து நெற்றியைக் கண்ணாடியில் வைத்திருந்தான். முழங்கால் இரண்டும் சிவந்திருந்தன. ஷா ஆலம் ஸ்டேஷன் தாண்டியது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சிக்கு ஜமால் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நடுவில் நின்று எத்தனை பந்தை மறித்தான்? எறிகிற சந்தோஷத்தையே விட்டுக்கொடுத்த பிள்ளை.

"பரவாயில்ல கண்ணா," என்றேன். "பிரவின் தப்பாக் கூப்பிட்டதுக்கு நீ என்ன பண்ணுவ? நீ நல்லாத்தான் ஆடின."

நெற்றியைக் கண்ணாடியிலிருந்து எடுத்தான்.

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க மா."

"சும்மா ஆறுதலுக்குச் சொன்னேன்பா."

"எல்லாத்துக்கும் அதான் சொல்றீங்க. கொட்டுனா பரவாயில்ல, ஒடச்சா பரவாயில்ல, மார்க் வரலன்னா பரவாயில்ல. இன்னிக்கு ஒரு கோல் போச்சு மா. என்னால போச்சு."

எதிர் இருக்கையில் இருந்த சீனப் பெரியவர் போனிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். எனக்கு வாய் வரைக்கும் இன்னொரு ஆறுதல் வந்துவிட்டது. அவன் பிறந்த நாளிலிருந்து என் வாயில் தயாராக இருப்பது அது. எடுத்து நீட்டி நீட்டிப் பழகிய கை. அதை விழுங்குவது இவ்வளவு சிரமம் என்று தெரியாது.

"ஆமா," என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "அந்தப் பந்த நீ பிடிச்சிருக்கணும்."

அவன் என் பக்கம் திரும்பினான். முகம் முழுவதும் திரும்பியது.

"பிடிச்சிருக்கணும்ல?" என்றான். "எனக்குக் கேட்டுச்சு மா. பந்து என் பக்கம்தான்னு நல்லாவே கேட்டுச்சு. பேரு கேட்டதும் பந்த விட்டுட்டேன்."

பிறகு என் இடது கையை இழுத்துத் தன் மடியில் விரித்து வைத்து, இதுதான் கோர்ட், இது நான், இது ஹஃபிஸ் என்று என் விரல்களுக்குப் பெயர் வைத்தான். பந்து முதலில் எங்கே தட்டியது, இரண்டாவது எங்கே, அப்போது தன் கால் எந்தப் பக்கம் இருந்தது, எந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று விரலால் கோடு கோடாக இழுத்துக்கொண்டே வந்தான். கோபமாக, விடாமல், சுபாங் தாண்டியும்.